ரிட்டுக்சிமாப் ஏத்தினா உள்ளுக்க என்ன நடக்குது?

நிலாவெளியில இருந்து ஒரு தங்கச்சி இன்பொக்ஸ்ல கேட்டிருந்தா: "அக்கா, அம்மாவுக்கு லிம்போமா, ரிட்டுக்சிமாப் எண்டு ஒரு மருந்து ட்ரிப்ல ஏத்துறாங்க, அது கீமோ இல்லையாம், ஆன்டிபாடியாம், அப்ப அது எப்பிடி கேன்சரைக் கொல்லும்? முதல் நாள் ஏத்தேக்க அம்மாக்கு குளிர் நடுக்கமே வந்திட்டுது."

ஆன்டிபாடி எண்டா கிருமி மாதிரி எதிரியில ஒட்டுற ஒரு புரதம், அதுக்கு ரெண்டு கை, ஒரு வால். கை ரெண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தில மட்டும் ஒட்டும், ரிட்டுக்சிமாப் ஒட்டுறது பி செல் எண்ட வெள்ளை அணுவுக்கு மேல இருக்கிற சிடி20 எண்ட புரதத்தில. இந்த மருந்து ஏத்துற லிம்போமா அந்த பி செல்லில இருந்து வாற கேன்சர். 1997 இல அமெரிக்காவில இதுக்கு அனுமதி குடுத்தாங்க. ஒட்டினதுக்குப் பிறகு பல வழியில செல் சாகலாம், மேக்ரோபேஜ் எண்ட விழுங்கிச் செல் விழுங்கலாம், ரத்தத்தில இருக்கிற கொம்ப்ளிமென்ட் புரதங்கள் ஓட்டை போடலாம், ஆனா எனக்குப் பிடிச்சது என்கே செல் (நச்சுரல் கில்லர், கொல்லுறதே வேலையா இருக்கிற வெள்ளை அணு) வந்து கொல்லுற வழி, அதனால அதைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

என்கே செல்லுக்கு மேல சிடி16 எண்டு ஒரு ரிசெப்டர், அதாவது பிடிக்கிற கொக்கி மாதிரி ஒரு புரதம் இருக்கு, அதின்ர வேலையே ஆன்டிபாடியின்ர வாலைப் பிடிக்கிறது. சரி, இப்ப யோசிச்சுப் பாருங்க, எங்கட சீரத்தில, அதாவது ரத்தத்தின்ர தெளிஞ்ச நீரில, லீட்டருக்கு கிட்டத்தட்ட 10 கிராம் ஐஜிஜி எண்ட வகை ஆன்டிபாடி எப்பவும் மிதந்துகொண்டு இருக்கு, எல்லாத்துக்கும் வால் இருக்கு, அதுக்குள்ளதான் என்கே செல்லும் நீந்துது. அப்ப ஏன் அது காலம எழும்பினதில இருந்து வெறி பிடிச்ச மாதிரி கண்டதையும் கொல்லாம இருக்கு?

விஷயம் என்னெண்டா சிடி16 இன்ர பிடி சரியான லூஸ். ஒரு வாலைப் பிடிக்கும், உடன விட்டிடும். தனியா மிதக்கிற ஆன்டிபாடி வந்து தட்டிப்போட்டுப் போறதால ஒண்டும் நடக்காது. ஆனா ஒரு கேன்சர் செல்லுக்கு மேல ஆயிரக்கணக்கில சிடி20 இருக்கேக்க ஆன்டிபாடியள் பக்கத்தில பக்கத்தில ஒட்டி நிக்கும், வால் எல்லாம் ஒரே பக்கமா வெளிய நீட்டும், அப்ப ஒரு சிடி16 கைவிட முதல் பக்கத்தில இருக்கிறது பிடிச்சிடும், கன சிடி16 ஒரே இடத்தில கூடும். கூடினாத்தான் உள்பக்கத்தில இருக்கிற என்சைம்கள் வேலையைத் தொடங்கி "சுடு" எண்ட சிக்னலை அனுப்பும். உப்புவெளியில கரைவலை இழுக்கிறதைப் பார்த்த ஆக்களுக்கு இது விளங்கும், ஒராள் இழுத்தா கயிறு அசையாது. பிடி பலமா இருந்திருந்தா ஒவ்வொரு மிதக்கிற ஆன்டிபாடிக்கும் செல் ஏமாந்திருக்கும். அந்த லூஸ்தான் பாதுகாப்பு, இதை முதல் தரம் வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்ல.

மிச்சம் கெதியா நடக்கும். என்கே செல் தன்ர பைகளை எதிரிப் பக்கம் திருப்பி பெர்ஃபோரினை விடும், அது ஓட்டை போடும், கிரான்சைம் உள்ள போகும், செல் தன்னைத்தானே கலைச்சுச் சாகும். அதோட வேலை முடிஞ்ச என்கே செல் தன்ர சிடி16 ஐத் தானே வெட்டி எறியும், வெட்டினாத்தான் பிணத்தை விட்டுக் கழண்டு அடுத்த செல்லுக்குப் போகலாம். இவ்வளவும் நடக்கேக்க இன்டர்ஃபெரோன் மாதிரி சைட்டோகைன்களும், அதாவது செல்லுகள் ஒண்டுக்கொண்டு சேதி அனுப்புற புரதங்களும், ரத்தத்தில கொட்டும், அதுதான் தங்கச்சி, அம்மாவுக்கு வந்த நடுக்கத்துக்குப் பெரிய காரணம். முதல் தரம் அழிக்க பி செல் கனக்க இருக்கு, அதால ட்ரிப்பை மெதுவா விடுவாங்க, அடுத்தடுத்த தரம் பொதுவா குறையும். மூச்சு முட்டினா உடன நர்ஸைக் கூப்பிடுங்க.

இன்னும் ஒரு வடிவான விஷயம் இருக்கு. ஆன்டிபாடி வாலில 297 ஆவது இடத்தில ஒரு சீனிச் சங்கிலி தொங்குது, அதின்ர அடியில ஃபியூக்கோஸ் எண்ட சின்ன சீனி. அது சிடி16 க்கு இடைஞ்சல். அதைக் கழட்டிப்போட்டா பிடி 50 மடங்கு வரைக்கும் கூடும்! இதை வச்சுத்தான் ஒபினுட்டுசுமாப் மாதிரி புது மருந்து செய்தாங்க, வேணுமெண்டே ஃபியூக்கோஸ் குறைஞ்ச ஆன்டிபாடி, 2013 இல அனுமதி கிடைச்சுது.

எங்கட உடம்பு செய்யிற ஐஜிஜியில 90 வீதத்துக்கு மேல ஃபியூக்கோஸ் இருக்கு, ஆனா கடுமையான டெங்கு வந்த ஆக்களில ஃபியூக்கோஸ் இல்லாத, பிடி இறுகின ஆன்டிபாடி வழமையை விடக் கூடுதலா இருந்ததா 2017 ஜனவரியில சயன்ஸ் சஞ்சிகையில ஒரு ஆய்வு வந்துது. அந்த வருஷம்தான் இலங்கையில 186,000 பேருக்கு மேல டெங்கு, திருகோணமலைக்குப் பக்கத்தில கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆன்டிபாடி கூடினா நல்லம், பிடி இறுகினா நல்லம் எண்டு சும்மா சொல்லேலாது. அதுக்குள்ள "இம்யூனிட்டியைக் கூட்டுற" பவுடர் விக்கிற ஆக்களும், 2020 இல கேகாலையில கொரோனாவைத் தீர்க்கும் எண்டு ஒருத்தர் குடுத்த பாணிக்கு வரிசையில நிண்ட கூட்டமும். எதைக் கூட்டப் போறீங்க எண்டு ஒருத்தராவது கேட்டாங்களா?

நூல் கட்டுற ஆக்களோட எனக்குக் கோவம் இல்ல, பயத்தில கட்டுறாங்க. கோவம் காசு ஒதுக்குற ஆக்களோட. ஆராய்ச்சிக்கு எங்கட நாடு ஜிடிபியில 0.2 வீதம் கூடக் குடுக்கிறேல்ல. டெங்கு வார்ட் நிரம்பேக்க இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நோயாளியளின்ர ரத்தத்தைச் சேர்த்து மைனஸ் 80 பாகையில வைக்க ஒரு பிரீசர், கரண்ட் போனா ஜெனரேட்டர், அதைப் பாக்க சம்பளத்துக்கு ஒரு ஆள், திருகோணமலைக்கு முதல்ல இவ்வளவும் காணும், ஆன்டிபாடியின்ர சீனியை அளக்கிற மெஷின் இருக்கிற லேப்புக்குப் பிறகு அனுப்பலாம்.