டிரிபிள் எப்படி நிகழ்கிறது: 2007 பருவத்தின் கணக்கு

2007ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் பருவத்தில், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கர்ட்டிஸ் கிராண்டர்சன் 23 டிரிபிள்களும் (ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடிச் சேர்வது டிரிபிள்) பிலடெல்பியா பிலீஸ் அணியின் ஜிம்மி ராலின்ஸ் 20 டிரிபிள்களும் அடித்து, அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீக்குகளில் தத்தம் லீக்கில் முதலிடம் பெற்றனர். 1949இல் கிளீவ்லாந்தின் டேல் மிட்செல் 23 அடித்த பிறகு, எவரும் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை. மதிலைத் தாண்டிப் பறக்கும் ஹோம் ரன்னுக்கு அடியின் வலிமை போதும். டிரிபிளிலோ பந்து களத்துக்குள்ளேயே கிடக்க, பேட்டர் மூன்றாம் பேஸ் வரை ஓடியாக வேண்டும்.

பேட்டர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். பேஸ்களுக்கு இடைப்பட்ட தொலைவு 90 அடி என்பதால், மூன்றாம் பேஸ் வரை மொத்த ஓட்டம் 270 அடி. உயர்நிலை ஆட்டக்காரர் ஒருவரின் சராசரி உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 அடி. அந்த வேகத்தில் நேர்கோட்டில் ஓடினால் பத்து நொடி ஆகும். ஆனால் மட்டையை வீசிய நிலையிலிருந்து புறப்பட்டு வேகமெடுப்பதற்கும், பேஸ்களில் திரும்புவதற்கும் கூடுதல் நேரம் செலவாகிறது. செங்கோணத்தில் சட்டென்று திரும்பினால் வேகம் சிதறிவிடும். ஆகவே ஓடுபவர் முதல் பேஸை நெருங்குவதற்கு முன்பே வெளிப்புறமாக விலகி, வளைந்த பாதையில் செல்கிறார். பாதை சற்று நீண்டாலும் வேகம் குறையாதிருப்பது இலாபமே.

அந்தச் சொற்ப நேரத்துக்குள் ஃபீல்டர்கள் பந்தை எடுத்து மூன்றாம் பேஸில் சேர்க்க வேண்டும். இங்கேதான் பந்து விழுந்த திசை பெரிதும் தீர்மானிக்கிறது. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து 330 அடித் தொலைவில், வலப்புற மூலையில் பந்து கிடந்தால், அங்கிருந்து மூன்றாம் பேஸ் 342 அடி. இடப்புற மூலையில் அதே தொலைவில் கிடந்தால் 240 அடி மட்டுமே. இந்த 102 அடி வேறுபாட்டைக் கடக்க எறிந்த பந்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்குள் ஓடுபவர் 25 அடிக்கு மேல் முன்னேறிவிடுவார். அத்துடன் நெடுந்தொலைவு எறியப்படும் பந்தைக் காற்றின் தடை மெதுவாக்குவதாலும் குறி பிசகுவதாலும், பெரும்பாலும் இடையில் ஒருவர் பிடித்து மறுபடி எறிகிறார். அதுவும் நேரத்தைத் தின்கிறது. இடக்கை பேட்டரின் வலுவான அடி இயல்பாக வலப்புறம் செல்லும். அவர் நிற்பதும் முதல் பேஸுக்கு அருகில். கிராண்டர்சன் இடக்கை பேட்டர், ராலின்ஸ் இரு பக்கமும் நின்று ஆடக்கூடியவர்.

மைதானமும் இதில் பங்குதாரர்தான். கிராண்டர்சனின் சொந்தக் களமான கொமெரிகா பார்க்கில் நடுமதில் 420 அடிக்கு அப்பால் இருந்தது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஓவன் வில்சன் 1912இல் அடித்த 36 டிரிபிள்கள் இன்றும் முறியாத சாதனை. அவற்றில் 24, பரந்து விரிந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் கிடைத்தவை. வேறெந்தப் பருவத்திலும் அவர் அந்த 36இல் பாதியைக்கூடத் தொட்டதில்லை. எனினும் எல்லாவற்றையும் மைதானத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ராலின்ஸின் பிலடெல்பியா மைதானம் ஹோம் ரன்னுக்குப் பெயர் பெற்ற சிறிய களம். அங்கே ஆடியவரே 20 எட்டியிருக்கிறார்.

மீதமுள்ளது துணிவின் கணக்கு. இரண்டாம் பேஸில் நின்றாலே ஒரு நல்ல அடியில் ரன் கிடைக்கக்கூடும். மூன்றாம் பேஸுக்கு ஓடி அவுட்டானால் அந்த வாய்ப்பும் போய்விடும். ஒருவர் மட்டும் அவுட்டாகியிருக்கும்போது துணிவது நியாயம். அடுத்தவர் உயரமாக அடித்த பந்து பிடிபட்டாலும், மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடி ரன் எடுக்கலாம். இருவர் அவுட்டாகியிருந்தால் அந்த வழி இல்லை; பிடிபட்ட பந்தே மூன்றாவது அவுட்டாகி அணியின் முறையை முடித்துவிடும். வலப்புறம் சென்ற பந்து இரண்டாம் பேஸைக் கடப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், தொடர்ந்து ஓடுவதா நிற்பதா என்பதை அவர் மூன்றாம் பேஸ் பயிற்சியாளரின் கை அசைவைப் பார்த்தே முடிவு செய்கிறார்.