மிட் செஞ்சுரி மாடர்ன்: தமிழில் என்ன சொல்வது?

சோபா விற்கிறவர்களும் இன்டீரியர் ஆட்களும் இந்தச் சொல்லை இப்போது எல்லாவற்றுக்கும் உப்பு மாதிரி தூவுகிறார்கள். சரிவாக நிற்கும் நாலு மரக்கால் இருந்தால் போதும், அது ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ சோபா. சொல்லின் உண்மையான எல்லை இதைவிடக் குறுகலானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 வாக்கில் தொடங்கி 1960களின் கடைசி வரை, குறிப்பாக அமெரிக்காவில், ஒரு கொள்கையோடு கட்டிய கட்டடங்களையும் செய்த அறைகலன்களையும் குறிக்கிற சொல் இது. கொள்கை என்றால், ஒட்டுவேலை அலங்காரம் வேண்டாம், பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்கட்டும், சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வரட்டும், கூடமும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகக் கிடக்கட்டும், வெளியே நிற்கும் மரமும் வீட்டுக்குள் இருப்பதுபோல் தெரியட்டும், இவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் கட்டியதெல்லாம் இதில் சேராது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிச் சில வருஷங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு எழுந்த லெவிட்டவுன் அச்சு அசலாக நூற்றாண்டின் நடுப்பகுதிதான், ஆனால் அங்கே முதலில் கட்டியவை பழைய கேப் காட் பாணிச் சரிவுக்கூரை வீடுகள். மிட் செஞ்சுரி சரி, மாடர்ன் கிடையாது.

‘மாடர்ன்’ என்பதன் வேர் லத்தீனில் ‘மோடோ’, அதாவது ‘இப்போதுதான்’. அதிலிருந்து ‘மோதெர்னுஸ்’, ‘இக்காலத்தது’. எண்பது வருஷத்துப் பழைய வீட்டை ‘இப்போதையது’ என்று அழைப்பது வேடிக்கைதான். இங்கே அது காலத்தைச் சொல்லவில்லை, ஒரு இயக்கத்தின் பெயராக உறைந்துவிட்டது. முழுத்தொடர் பரவலானது காரா கிரீன்பெர்க் 1950களின் அறைகலன்களைப் பற்றி 1984இல் எழுதிய புத்தகத்துக்கு அதையே தலைப்பாக வைத்த பிறகு. அதாவது, வீடுகளில் பல இருபது, முப்பது வயதைத் தாண்டிய பிறகே இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டியவர்கள் சும்மா ‘மாடர்ன் ஹவுஸ்’ என்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு என்னென்னவோ சொன்னார்கள்.

எங்கே கட்டினார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் புறநகர். நம் காதில் புறநகர் என்றால் தாம்பரம் தாண்டிய மனைப்பிரிவு, லாரித் தண்ணீர் எல்லாம் வந்து நிற்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது ஏக்கர் கணக்கில் மனை, நகரத்துக்கு ரயில், சுற்றிலும் மரம். கனெக்டிகட்டில் நியூ கேனன் அப்படி ஒரு ஊர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறைக்கு வால்டர் குரோபியஸ் தலைவராக இருந்த காலத்தில் பாடம் நடத்திய மார்செல் புரூயரும், அங்கே படித்த எலியட் நாய்ஸ், பிலிப் ஜான்சன், ஜான் ஜோஹன்சன், லாண்டிஸ் கோர்ஸ் நால்வரும் 1940களின் கடைசியில் அங்கே போய்க் குடியேறி ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். ‘ஹார்வர்ட் ஐவர்’ என்று இன்றும் சொல்வார்கள். ஜான்சனின் கண்ணாடி வீடு 1949இல் முடிந்தது. 56 அடி நீளம், 32 அடி அகலம், நாலு பக்கமும் கண்ணாடி. குளியலறை மட்டும் செங்கல் உருளைக்குள். நாய்ஸ் 1950களில் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு நமக்கு அதைவிட நன்றாகப் புரியும். ஒரு பக்கம் கூடமும் சமையலறையும், எதிர்ப்பக்கம் படுக்கையறைகள், நடுவே திறந்த முற்றம். தூங்கப் போக வேண்டுமானால் பனி கொட்டினாலும் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும். செட்டிநாட்டு ஆச்சி யாராவது பார்த்திருந்தால் இதில் என்ன புதுசு என்றுதான் கேட்டிருப்பார்.

இந்த இரண்டு வீடுகளும் நிற்கின்றன. அந்த ஊரில் எழுந்த ஏறக்குறைய நூறு நவீனத்துவ வீடுகளில் கணிசமானவை நிற்கவில்லை. மற்ற ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ மிராஜில் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா 1962இல் கட்டிய மாஸ்லன் வீட்டை 2002இல் புதிதாக வாங்கியவர், வாங்கிய கொஞ்ச நாளிலேயே தரைமட்டமாக்கினார். நகராட்சியின் அனுமதியோடுதான்.

எனக்கு ஆறாதது கெல்லர் வீடு. லாங் ஐலண்டில் லாரன்ஸ் என்கிற ஊரில் புரூயர் 1945இல் கட்டியது, போருக்குப் பிந்தைய அமெரிக்க நவீனத்துவ வீடுகளில் முன்னோடி. கூரை நடுவில் பள்ளமாகி இரண்டு பக்கமும் மேலே ஏறும். பட்டாம்பூச்சி சிறகை விரித்தது போன்ற அமைப்பு என்பதால் பட்டாம்பூச்சிக் கூரை என்றே பெயர். புழங்கும் இடம் ஒரு பகுதி, படுக்கையறைகள் இன்னொரு பகுதி, இரண்டுக்கும் நடுவில் வாசல். பெரியவர்கள் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருக்கலாம், பிள்ளைகள் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்கென்று அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கிடம் சொல்லி 1950இல் வரைந்து வாங்கிய பெரிய சுவரோவியம் கைமாறிக் கைமாறி இன்று தெஹ்ரான் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டை 2022 ஜனவரியில் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் டென்னிஸ் மைதானம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. இந்தச் சொல் உலகமெல்லாம் சோபா விற்றுக்கொடுக்கும் காலத்தில், சொல்லுக்கு இலக்கணமாக இருந்த வீட்டுக்கே இந்தக் கதி என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஏன் இடிக்கிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மனை பெரிது, வீடு சிறிது. இடிப்பதற்கென்றே வாங்கும் வீட்டை அமெரிக்கர்கள் ‘டியர்டவுன்’ என்பார்கள். நம்மூர்த் தரகர் இதையே ‘மனை விலைதான் சார், வீட்டுக்கு விலை போடலை’ என்று முடித்துவிடுவார். அப்புறம் பராமரிப்பு. மொட்டை மாடி நமக்குப் பழகியது. பனி குவிகிற ஊரில் தட்டைக்கூரை ஒழுகும், ஒற்றைக் கண்ணாடிச் சுவர் வழியாகச் சூடெல்லாம் வெளியே போகும். மூன்றாவதாக ஒரு விதி: அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர, பொதுவாகக் கட்டடத்துக்கு 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மாஸ்லன் வீட்டுக்கு இடிபடும்போது வயது 40. பதிவேட்டில் ஏறினாலும் பெருமைதானே தவிரப் பூட்டு இல்லை, தனியார் தன் காசில் தன் வீட்டை இடிப்பதை அது தடுக்காது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘இடைநூற்றாண்டு நவீனம்’ என்று எழுதினால் எனக்குச் சம்மதமில்லை. இடைக்காலம் என்பது மன்னர்காலத்துக்குப் போய்விட்ட சொல், ‘இடைநூற்றாண்டு’ என்றதும் பாதிப் பேர் கோட்டை கொத்தளத்தைத்தான் நினைப்பார்கள். ‘நடுநூற்றாண்டு’ தெளிவு. ‘நவீனம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘நவீன வீடு’ என்றால் நம் விளம்பரங்களில் லிஃப்டும் மாடுலர் கிச்சனும் உள்ள போன மாதம் கட்டிய ஃபிளாட். ‘புதுமை வீடு’ இன்னும் மோசம், பொருட்காட்சி மாதிரி ஒலிக்கிறது. இயக்கத்தைக் குறிக்க இலக்கியக்காரர்கள் ஏற்கெனவே புழங்கி வரும் ‘நவீனத்துவம்’ இருக்கிறது. வேர் வடமொழி என்பதற்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஆக, ‘நடுநூற்றாண்டு நவீனத்துவம்’, ‘நடுநூற்றாண்டு நவீனத்துவ வீடு’. எந்த நூற்றாண்டு என்று யாராவது கேட்பார்கள் என்றால் முதல் தடவை மட்டும் ‘இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனத்துவம்’ என்று நீட்டி எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வினையிலும் கொஞ்சம் கவனமாக இருக்கலாம். ‘இடிந்த வீடுகள்’ என்றால் தானாக விழுந்தவை, ‘அழிந்த வீடுகள்’ என்றாலும் யார் மேலும் பொறுப்பு வராது. கெல்லர் வீட்டுக்கும் மாஸ்லன் வீட்டுக்கும் ‘இடித்த வீடுகள்’ என்பதே சரி.