முதுகில் விழும் வெளிச்சம் எக்ஸ்ரே இல்லை

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குக் கிரானைட் குவாரியில் வேலை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். அவர் முதுகில் கட்டமாக ஒரு வெளிச்சம் ரொம்ப நேரம் விழுந்துகொண்டே இருந்தது. அதுதான் எக்ஸ்ரேயா? உடம்புக்கு ஆகாதே?"

பயப்பட வேண்டாம், அது வெறும் பல்பு வெளிச்சம். எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது. அது பாய்வதும் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான்.

நிற்க வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் நெஞ்சைப் பிளேட்டோடு ஒட்டி நிறுத்தி, 180 செ.மீ. பின்னாலிருந்து எடுக்கிறார்கள். அதனால் இதயத்தின் நிழல் அதிகம் பெரிதாகாது. கையை இடுப்பில் வைத்துத் தோளை முன்னால் தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மூச்சை நன்றாக இழுத்து அடக்கினால் உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரியும்.

சரி, அந்த வெளிச்சத்துக்கு வருவோம். எக்ஸ்ரே குழாயின் வாயில் கொலிமேட்டர் என்ற பெட்டி இருக்கிறது. உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு பல்பு. குழாயில் எக்ஸ்ரே பிறக்கும் புள்ளி கண்ணாடிக்கு எவ்வளவு தூரமோ, பல்பும் அதே தூரத்தில் இருக்கும். எக்ஸ்ரே கண்ணாடியை ஊடுருவி நேராகப் போய்விடும். வெளிச்சமோ அதில் பட்டுத் திரும்பி அதே பாதையைப் பிடிக்கும். இரண்டும் பெட்டியில் உள்ள, நகர்த்தக்கூடிய ஒரே ஈயக் கதவுகளுக்கு நடுவே வெளியேறுகின்றன. ஆக, வெளிச்சத்தின் ஓரம் எதுவோ அதுதான் எக்ஸ்ரேயின் ஓரம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு எளிமையாக எல்லை காட்டிய இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கதவை ஏன் நெருக்க வேண்டும்? உடம்புக்குள் எலக்ட்ரான்களில் மோதும் எக்ஸ்ரே திசை மாறிச் சிதறும். 1923-இல் இயற்பியலாளர் காம்ப்டன் விளக்கிய விளைவு இது. மார்கழிக் காலையில் ஓசூர் சாலைப் பனியில் ஹெட்லைட் போட்டால் எதிரே வெள்ளையாக மறைக்குமே, அதுபோல இந்தச் சிதறல் படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். குவாரித் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயில் சில மில்லிமீட்டர் புள்ளிகளைத்தான் தேடுகிறோம். அவை அந்தச் சாம்பலில் கரைந்துவிடும். கதவை நெருக்கி வயிற்றை விட்டுவிட்டால் அங்கிருந்து வரும் சிதறலும் இல்லை, வயிற்றுக்கு வீண் கதிரும் இல்லை. அதற்காக ரொம்பவும் நெருக்கிவிடக் கூடாது. நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் தெரிவது நுரையீரலின் கீழ் மூலைகளில்தான். அவை படத்தில் இருந்தாக வேண்டும்.

மேல் நுனியும் அப்படித்தான். காசநோய் அதிகம் பிடிப்பது அங்கே. தோளில் தொங்கும் சடையின் நிழல்கூட அங்கே நோய் போலத் தெரியும், அதனால்தான் கொண்டையாகத் தூக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கழுத்துத் தாயத்தைக் கழற்ற மறுப்பவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வேன்: படம் எடுத்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், அந்த உலோக நிழலுக்குப் பின்னால் இருப்பதை எந்த டாக்டராலும் பார்க்க முடியாது.

பெட்டி எங்காவது இடித்துக் கண்ணாடி கொஞ்சம் நகர்ந்தால் போதும், வெளிச்சம் ஒரு பக்கம், எக்ஸ்ரே ஒரு பக்கம் ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சத்தின் நான்கு ஓரங்களிலும் நாணயங்களை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பார்கள். குழாய்க்கும் பிளேட்டுக்கும் உள்ள தூரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஓரங்களும் விலகினால் சரிசெய்ய வேண்டும். புது மெஷின் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சோதனைக்கும், அதைச் செய்யத் தெரிந்த ரேடியோகிராபர் பணியிடங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.