ஏலத்தோட்டம் ஏறிய கால்கள்

கம்பத்திலும் கூடலூரிலும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவை. இயன்முறை மருத்துவனான என்னிடம் மூட்டுவலி என்று வரும் வயதான பெண்களில் பலர், பல வருடம் அந்த ஜீப்பில் போய் வந்தவர்கள். ஏலச்செடி தூரில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுத்த கால்கள் அவை.

போன வருடம் 71 வயது அம்மா ஒருவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வேலையை விட்டு மூன்று வருடம். "உழைச்சது போதும்னு ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல சார், எல்லாம் உக்காந்த இடத்துக்கே வந்துரும்" என்றார். அத்தனையும் பாசம். மகன் மருந்து வாங்க வெளியே போனதும் அம்மா சொன்னார்: "கக்கூசுல உக்காந்தா எந்திரிக்க முடியல தம்பி. மருமகளக் கூப்பிடணும். கூச்சமா இருக்குனு தண்ணி குடிக்கிறதையே கொறச்சிட்டேன்."

வாழ்க்கைத் தரம் என்று நாங்கள் படித்ததெல்லாம் இதுதான். பிறர் கையை எதிர்பார்க்காமல் கழிப்பறை போய் வருவது.

நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்போம். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து அதிகம். இந்த அம்மாவுக்கு நான்குதான் வந்தது. முட்டித் தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் அவரை முடக்கியது தேய்மானத்தைவிட, தொடைத்தசை கரைந்ததுதான். வயதானவர்கள் பத்து நாள் படுத்தே கிடந்தாலே கால் தசை கணிசமாகக் குறைந்துவிடும். மூன்று வருட ஓய்வு என்ன செய்யும்!

தசை திரும்பி வருமா என்று மகன் கேட்டார். வரும். 1994-இல் பாஸ்டனில், சராசரி வயது 87 உள்ள முதியோர் இல்லவாசிகளுக்குப் பத்து வாரம் பளுப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களின் தசைப் பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். அடுப்புத் திண்டைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் நடை. சாப்பாட்டில் முட்டையோ பயறோ. அவ்வளவுதான் கொடுத்தேன். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் பலப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நடந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம், பலப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், கட்டுப்படாத பிரஷர் இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கு மாதத்தில் அந்த அம்மா ஒன்பது முறை எழுந்தார். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பேருந்தில் போனாராம். படியேறும்போது மகன் கையை நீட்ட, "விடுடா, நானே ஏறுறேன்" என்றாராம்.