கிளாரினெட்டில் பேரல் இழுப்பதற்கு முன்

கிளாரினெட்டில் சுருதி ஏறியிருந்தால் உடனே பேரலை, அதாவது ஊதும் முனையான மவுத்பீஸுக்கு அடுத்துள்ள சிறு குழல் துண்டை, கொஞ்சம் வெளியே இழுப்பது பலருக்குக் கைப்பழக்கம். தப்பில்லை. ஆனால் இழுத்த மில்லிமீட்டர் எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவுக்கு இறக்குவதில்லை.

பி-ஃபிளாட் கிளாரினெட்டில் துளைகளைத் திறந்துவிட்டு ஊதும் ஜி-க்கு அதிரும் காற்றுத் தூண் சுமார் 25 செ.மீ.; எல்லாம் மூடி ஊதும் கீழ் ஈ-க்கு 59 செ.மீ. பேரலை 1 மி.மீ. இழுத்தால் ஜி சுமார் 7 சென்ட் இறங்கும், ஈ 3 சென்ட்தான். (அரைஸ்வரம் என்பது 100 சென்ட்.) கீழ் ஸ்வரத்தை வைத்துச் சுருதி சேர்த்தால் தேவைக்கு மேல் இழுத்துவிடுவோம், பிறகு ஜி, ஏ எல்லாம் தொங்கும். அதனால் முதலில் ஜி-யைச் சரிசெய்யுங்கள். கீழே இன்னும் ஏறியிருந்தால் மேல் குழலும் கீழ்க் குழலும் சேரும் நடு இணைப்பைக் கொஞ்சம் இழுங்கள். அது நீளமான ஸ்வரங்களை மட்டுமே இறக்கும். பேரலில் பெரிய இடைவெளி விழுந்தால் அங்கே குழல் திடீரென அகலமாகிவிடும். வளையம் போட்டு நிரப்புவது நல்லது.

இதெல்லாம் கருவி சூடான பிறகுதான். சூட்டில் குழல் நீண்டு சுருதி இறங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு, நடப்பது நேர்மாறு. காற்று 1 டிகிரி சூடேறினால் ஒலி வேகமெடுத்து, சுருதி கிட்டத்தட்ட 3 சென்ட் ஏறும். மரம் நீள்வது அதன் முன் ஒன்றுமேயில்லை. பத்து நிமிடம் ஊதிவிட்டு ட்யூனரைப் பாருங்கள், நடுத்தர சத்தத்தில். கிளாரினெட்டில் பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மெதுவாக ஊதினால் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கினால், என் சந்தேகம் ரீட் (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை) மேல்தான். மெலிந்து தளர்ந்த ரீட் சுருதியை இழுத்துக்கொண்டு இறங்கும், நாதமும் சப்பையாகும். அடிப்பக்கம் வளைந்திருந்தால் காற்று கசிந்து 'உஸ்' என்ற இரைச்சல் சேரும். சோதிப்பது சுலபம்: நனைத்த ரீட்டை மவுத்பீஸில் கட்டி, கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ஓரிரு நொடி ஒட்டியிருந்து 'டப்'பென்று விட்டால் கசிவில்லை. உடனே விட்டுவிட்டால், ரீட்டைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால், 600 எண் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து அடிப்பக்கத்தை நாலைந்து தடவை தேய்க்கலாம். நுனிமேல் மட்டும் விரல் அழுத்தம் வேண்டாம். அங்கே தடிமன் 0.1 மி.மீ.தான் இருக்கும்.