நாண்: இழையும் புரியும்

வில்லில் பூட்டும் கயிற்றுக்கு நாண் என்று பெயர். இதில் யாருக்கும் ஐயம் வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதை 'வில் சரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணினி நிரலில் ஸ்ட்ரிங்கைச் சரம் என்கிறோம், அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. வில்லோடு சேர்ந்தால் சரம் என்பது அம்பு. சரமாரி என்றால் அம்பு மழை. எனவே வில்லுக்கு நாண்தான்.

இதன் பழைய வடிவம் ஞாண். மலையாளத்தில் இன்றும் வில்லின் கயிறு ஞாண்தான். கன்னடத்தில் நேணு என்றால் கயிறு. நம் வாயில் ஞாண் மிஞ்சியிருப்பது அரைஞாணில். அரையில், அதாவது இடுப்பில் கட்டும் கயிறு அது. அரைஞாண் கயிறு பேச்சில் தேய்ந்து அருணாக்கயிறு ஆகிவிட்டது. வெட்கம் என்ற பொருளில் வரும் நாண் வேறு சொல். மலையாளத்தில் கயிறு ஞாண், வெட்கம் நாணம் என்று இரண்டும் எழுத்திலேயே பிரிந்து நிற்கின்றன. தமிழில் ஒலி ஒன்றாகிவிட்டதால் வள்ளுவருக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. 1020ஆம் குறளில் 'நாண்அகத் தில்லார்' என்று வெட்கத்தில் தொடங்கி, 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்று பொம்மலாட்டக் கயிற்றில் முடிக்கிறார்.

வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டைப் பள்ளிக் கணக்கில் நாண் என்று படித்திருப்போம். அதற்கு மேலே வளைந்து நிற்கும் பகுதி வில். பொருத்தமான பெயர்கள்.

சரி, இப்போது மரபு ரிகர்வ் வில், அதாவது நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும் வில் ஒன்றுக்கு நாண் வாங்க வேண்டும். ஃப்ளெமிஷ் ட்விஸ்ட், எண்ட்லெஸ் லூப் என்று இரண்டு வகைகளைச் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் எதுவும் விளங்காது. ஆனால் இவை எப்படிச் செய்யப்படுகின்றன என்று பார்த்தால் அதற்கான சொற்கள் தமிழில் தயாராகவே இருக்கின்றன.

இழை என்பது தனி நூல். பல இழைகளைச் சேர்த்து முறுக்கினால் புரி. வைக்கோல் புரி, முப்புரி நூல், வலம்புரிச் சங்கு எல்லாவற்றிலும் இருப்பது முறுக்கு என்ற இந்தப் பொருள்தான். 14 இழைகளை ஏழு ஏழாகப் பிரித்து, இரண்டையும் சேர்த்து முறுக்கியது இருபுரி நாண். மூன்று கற்றை என்றால் முப்புரி நாண். ஃப்ளெமிஷ் நாண் என்பது இதுவே. முறுக்கு நாண் என்று சொன்னால் போதும்.

இதைக் கையால் செய்து பார்த்தால் சொல்லின் அருமை தெரியும். ஒரு கற்றையை விரல்களுக்கிடையில் வைத்து வெளிப்பக்கமாக முறுக்குங்கள். அப்புறம் அதே கற்றையை மற்றதன் மேலாக உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். அடுத்த கற்றைக்கும் இப்படியே. கற்றைக்குள் முறுக்கு ஒரு திசை, கற்றைகள் ஒன்றையொன்று சுற்றுவது எதிர்த்திசை. கற்றை வலம்புரி என்றால் நாண் இடம்புரி. இரண்டும் எதிரெதிராக அவிழப் பார்ப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, முடிச்சே தேவையில்லை. வில்லில் மாட்ட முனையில் உள்ள வளையமான கண்ணியும் இதே முறுக்கில் உருவாவதுதான்.

நாணின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்தப் புரி அறிவு வேண்டும். நாண் சுற்றியிருக்கும் அதே திசையில் திருகினால் அது குறுகும், கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தூரம் கூடும். எதிர்த்திசையில் நிறையத் திருகினால் புரி பிரிந்து கண்ணியே நழுவலாம். முதல் நாணை நான் தவறான பக்கம் திருகிக்கொண்டே போனேன். வில்லில் ஏற்றுமுன் கண்ணிக்குக் கீழே இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

இன்னொரு வகையான எண்ட்லெஸ் லூப்பில் புரியே கிடையாது. இரண்டு முளைகளைச் சுற்றி ஒரே நீள இழையை ஏழு சுற்றுச் சுற்றினால் 14 இழை கிடைக்கும். இரு முனையிலும் வளைவைத் தனி நூலால் வரிந்து கண்ணியாக்குகிறார்கள். தொடர் வளையம் என்பது நேர்ப்பொருள். சுற்றுநாண் என்பது எனக்குப் பிடித்த பெயர். எல்லா இழையும் ஒரே இழுவிசையில் நிற்பது இதன் பலம். கொஞ்சம் முறுக்கலாம், ஆனால் முறுக்கு நாண் அளவுக்கு நீளத்தை மாற்ற முடியாது.

இவை செய்முறையின் பெயர்கள். இழை எதனால் ஆனது என்பது தனிக் கேள்வி, அதுதான் வில்லைக் காப்பதும் உடைப்பதும். டேக்ரான் பாலியெஸ்டர் இழை. நன்றாக நீளும், அதனால் அம்பு விடுபடும் கணத்தின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஃபாஸ்ட்ஃபிளைட் போன்றவை டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா வகைப் பாலிஎத்திலீன். இவை அதிகம் நீளாது. அம்பு வேகமாகப் போகும், ஆனால் அந்த அதிர்ச்சி முழுவதும் வில்லின் குதையில் இறங்கும். வில்லின் நுனியில் நாண் மாட்டும் வெட்டுதான் குதை. நுனி வலுவூட்டப்படாத பழைய வில்லில் நீளாத நாண் ஏற்றினால் குதை பிளக்கலாம். வில் எந்த இழைக்கு ஏற்றது என்று செய்தவர் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். சொல்லியிருக்காவிட்டால் டேக்ரானே நல்லது. இழுக்க 45 முதல் 50 பவுண்டு விசை வேண்டிய வில்லுக்கு டேக்ரானில் 14 இழை வழக்கம்.

மரபு வில்லுக்கு நான் எடுப்பது இருபுரி டேக்ரான் நாண். முறுக்கி முறுக்கி அளவைச் சரிசெய்துகொள்ளலாம், வில்லும் பாதுகாப்பாக இருக்கும். ஏற்றிய முதல் நாள் சில டஜன் அம்புகள் எய்ததும் நாண் நீண்டுவிடும். அப்போது இறக்கி, நாண் சுற்றியிருக்கும் திசையிலேயே நாலைந்து திருகு கூட்டி மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள்.