விண்கல்லுக்குள் மீக்கடத்தி: எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

விண்கற்களில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று 2020 மார்ச்சில் செய்தி வந்ததும் அது வேகமாகப் பரவியது. பகிர்ந்தவர்களில் நிறையப் பேர் மனதில் இருந்தது வேறொன்று என்று நினைக்கிறேன். வானத்திலிருந்து ஏதோ அதிசய உலோகம் வந்து விழுந்திருக்கிறது, இனி மின்கம்பியில் கொஞ்சம்கூட மின்சாரம் வீணாகாது, ரயில்கள் மிதந்து ஓடும் என்கிற மாதிரி. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் கற்களில் இருந்தது ஈயமும் வெள்ளீயமும் இண்டியமும் கலந்த ஒரு உலோகக்கலவை. அது மீக்கடத்தியாக மாறுவது சுமார் 5 கெல்வினில், அதாவது மைனஸ் 268 டிகிரி செல்சியஸில். இதைவிட நல்ல மீக்கடத்திகளை நாம் எப்போதோ செய்துவிட்டோம்.

ஆனாலும் எனக்கு இந்தக் கண்டுபிடிப்பு மேல் பெரிய பிரியம் உண்டு. உற்சாகப்பட வேண்டிய விஷயம் அதில் நிறையவே இருக்கிறது, அது அந்த உலோகத்தில் இல்லை, அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு, டன் கணக்கான இரும்புக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது; அதை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் இதில் முக்கியமான கதை.

முதலில் மீக்கடத்தி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். செம்புக் கம்பியில் மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் வழியில் அதிரும் அணுக்களோடும் அணு அடுக்கில் உள்ள குறைகளோடும் மோதி ஆற்றலை இழக்கின்றன, கம்பி சூடாகிறது. இதைத்தான் மின்தடை என்கிறோம். 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்க்கே கமர்லிங் ஓன்னஸ், திரவ ஹீலியத்தைக் கொண்டு பாதரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினில் அதன் மின்தடை திடீரென்று காணாமல் போனது. குறைந்தது என்று சொல்லக்கூடாது, அளக்க முடியாத அளவுக்கு இல்லாமலே போனது. ஏன் என்று புரிய 46 ஆண்டுகள் ஆயின. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள்: போதுமான குளிரில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன, ஓர் எலக்ட்ரான் கடந்துபோகும்போது சுற்றியுள்ள நேர்மின் அணுக்கள் அதன் பக்கம் சற்றே இழுபடுகின்றன, அந்த இழுப்பு இன்னொரு எலக்ட்ரானைக் கூட்டிவருகிறது. இப்படிச் சேர்ந்த ஜோடிகள் எல்லாம் ஒரே நிலையில் ஒன்றாக நகர்வதால், ஒன்றை மட்டும் தனியாக மோதித் தடுக்க முடியாது. வெப்பம் ஏறினால் ஜோடி உடைகிறது, மின்தடை திரும்பி வந்துவிடுகிறது. அந்த எல்லைக்குத்தான் மாறுநிலை வெப்பநிலை என்று பெயர்.

இன்னொரு குணமும் உண்டு, நம் கதைக்கு அதுதான் முக்கியம். மீக்கடத்தி தன் உடலுக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடும். 1933-இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது இது. ஆனால் புலம் ஓர் அளவுக்கு மேல் வலுவானால் மீக்கடத்தும் தன்மையே அழிந்துவிடும். மீக்கடத்திக்கும் காந்தத்துக்கும் அப்படி ஒரு பகை.

சரி, விண்கல்லில் போய் ஏன் தேட வேண்டும்? பூமியில் கிடைக்கும் கனிமங்களில் மீக்கடத்திகள் மிகக் குறைவு. கோவெல்லைட் என்ற செப்பு சல்பைடு கனிமம் 1.6 கெல்வினில் மீக்கடத்தியாகும், அதுபோல விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். விண்கற்களோ சுமார் 456 கோடி ஆண்டுகள் பழையவை. சிறுகோள்களின் உள்ளே உருகி, பிறகு பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில பத்து டிகிரி என்ற கணக்கில் ஆறியவை அவற்றில் உண்டு, பெரும் மோதலில் நொறுங்கியவையும் உண்டு. எந்த ஆய்வகத்திலும் பத்து லட்சம் ஆண்டுகள் காத்திருந்து ஓர் உலோகத்தை ஆறவைக்க முடியாது. அந்தச் சூழலில் நமக்குத் தெரியாத பொருள்கள் உருவாகியிருக்கலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இயற்கையில் இருக்கவே முடியாது என்று பலர் நம்பிய குவாசிப்படிகம் (அணுக்கள் ஒழுங்காக அடுங்கியிருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத பொருள்), ரஷ்யாவின் தூரக்கிழக்கில் கிடைத்த கத்திர்கா விண்கல்லில் இருந்ததே.

இந்த வேலையைச் செய்தது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக் குழு: இயற்பியலாளர் இவான் ஷூல்லர், விண்கல் வேதியியலில் பழுத்த அனுபவமுள்ள மார்க் தீமென்ஸ், அளவீடுகளைச் செய்த ஜேம்ஸ் வாம்ப்லர். அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் ஷாவ்போ செங், யீமெய் ஸூ இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேலையைப் பார்த்தார்கள். 15 விண்கற்களைச் சோதித்ததில் இரண்டில் மீக்கடத்தி இருந்தது. ஒன்று முண்ட்ராபில்லா, ஆஸ்திரேலியாவில் மரமே இல்லாத நல்லர்போர் சமவெளியில் கிடைத்த இரும்பு விண்கல். இதன் முதல் துண்டுகள் கிடைத்ததும் 1911-இல்தான், லைடனில் பாதரசத்தின் மின்தடை மறைந்த அதே ஆண்டில். பல டன் எடையுள்ள பெருந்துண்டுகள் 1966-இல் கிடைத்தன. இன்னொன்று அண்டார்டிகாவின் கிரேவ்ஸ் நூனாடாக்ஸ் பகுதியில் எடுக்கப்பட்ட ஜிஆர்ஏ 95205. இது யூரிலைட் வகைக் கல். கார்பன் மிகுந்த இந்த வகையில் மோதலின் அழுத்தத்தில் உண்டான பொடிப்பொடி வைரங்கள்கூட இருக்கும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஒரு கம்பி மீக்கடத்தியா என்று பார்க்க இரண்டு முனையிலும் இணைப்புக் கொடுத்து மின்தடையை அளந்தால் போதும். விண்கல்லில் அது பலிக்காது. மீக்கடத்தித் துணுக்குகள் ஒன்றையொன்று தொடாமல் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன, மின்சாரம் அவற்றைச் சுற்றிக்கொண்டு சாதாரண இரும்பு வழியாகவே போய்விடும். சரி, காந்தப்புலத்தை வெளியே தள்ளும் குணத்தை வைத்துப் பிடிக்கலாம் என்றால், முண்ட்ராபில்லாவே இரும்பும் நிக்கலும் நிறைந்த கல். இரும்பின் காந்தத்தன்மை போடும் கூச்சலில் அந்தத் துணுக்கின் முனகல் காதில் விழாது.

இதற்கு அவர்கள் கையாண்டது, காந்தப்புலத்தை ஆட்டிக்கொண்டே நுண்ணலையில் (மைக்ரோவேவ்) அளக்கும் ஒரு முறை. விண்கல்லில் கொஞ்சம் சுரண்டி, பொடித்து, மெல்லிய குழாயில் போட்டு, நுண்ணலைகள் நிறைந்த ஒரு சிறு உலோக அறைக்குள் வைக்கிறார்கள். பொடி எவ்வளவு நுண்ணலையை உறிஞ்சுகிறது என்பதைத் தொடர்ந்து அளக்கிறார்கள். கூடவே ஒரு நிலையான காந்தப்புலம், அதன் மேல் விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும் ஒரு சின்னப் புலம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வெப்பநிலையை மெல்ல மாற்றுகிறார்கள்.

மாறுநிலை வெப்பநிலைக்கு ரொம்பக் கீழே இருக்கும்போது மீக்கடத்தி உறுதியாக இருக்கிறது, சின்னப் புலம் ஆடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ரொம்ப மேலே இருக்கும்போது அது வெறும் உலோகம், அப்போதும் மாற்றமில்லை. ஆனால் சரியாக அந்த எல்லையில் நிற்கும்போது, புலம் சற்று ஏறினாலே மீக்கடத்தும் தன்மை தளர்ந்து நுண்ணலை கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, புலம் இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆக, உறிஞ்சும் அளவும் புலத்தின் தாளத்துக்கே ஏறி இறங்குகிறது. அந்தத் தாளத்துக்கு ஒத்துவரும் சிக்னலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கருவி தள்ளிவிடும். கெட்டிமேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் நாம் போடும் தாளத்துக்கே எங்கோ ஒருவர் கை தட்டினால், எத்தனை சத்தத்திலும் அது தனியாகக் காதில் விழும் இல்லையா, அந்த மாதிரி. இரும்பு எவ்வளவு கத்தினாலும், வெப்பநிலையைப் பொறுத்துச் சட்டென்று மாறாத சத்தம் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. வரைபடத்தில் 5 கெல்வின் பக்கம் ஒரு முகடு எழுந்தால், அங்கே ஏதோ இருக்கிறது.

ஏதோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொல்லக்கூடாது. சில காந்த மாற்றங்களும் இந்தக் கருவியில் சிக்னல் காட்டக்கூடியவை. அதனால் முகடு காட்டிய பொடியைப் பிரித்து, எந்தப் பகுதியில் சிக்னல் வருகிறதோ அதை மறுபடி பிரித்து, கடைசியில் தனித்தனித் துகள் வரைக்கும் வந்தார்கள். அந்தத் துகள்களைக் காந்தமானியில், அதாவது காந்தத்தன்மையை அளக்கும் கருவியில் வைத்து, அவை உண்மையிலேயே காந்தப்புலத்தை வெளியே தள்ளுகின்றனவா என்று பார்த்தார்கள். கடைசியாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் ஈயம், வெள்ளீயம், இண்டியம் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் உடனே ஒன்று கேட்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் அது மின்இணைப்புகளை உருக்கி ஒட்டும் சால்டரிங் ஈயம் ஆயிற்றே, ஆய்வகத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தால்? கேட்க வேண்டிய கேள்வி இது. விண்கல்லை அறுப்பதிலிருந்து பொடிப்பது வரை மனிதர் கை படாத கட்டமே கிடையாது, ஒவ்வொரு கட்டத்திலும் அழுக்கு சேர வாய்ப்பு உண்டு. இங்கே நம்பிக்கை தருவது, கடையில் விற்கும் சாதாரண சால்டரில் இண்டியம் கிடையாது; தவிர, வெவ்வேறு கண்டங்களில் கிடைத்த, பிறப்பிலேயே வெவ்வேறான இரண்டு கற்களில் இதே கூட்டணி இருக்கிறது, அதே முறையில் சோதித்த மற்றக் கற்களில் இல்லை.

இது எப்படி உருவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உருகிய இரும்பும் நிக்கலும் கந்தகமும் மெல்ல ஆறும்போது, இரும்பு தன் படிகத்தைக் கட்டிக்கொண்டே போகிறது. அந்தப் படிகத்துக்குள் பெரிய அணுவான ஈயத்துக்கு இடமில்லை. ஈயம் 327 டிகிரியிலும், வெள்ளீயம் 232-லும், இண்டியம் 157-லும்தான் உறையும். எல்லாம் கெட்டியான பிறகும் இவை திரவமாகவே இடுக்குகளில் தங்கி, ஒன்றுசேர்ந்து கடைசியில் உறைந்திருக்கலாம். அவ்வளவு நிதானமாக ஆறியதால்தான் அவற்றுக்கு ஒன்றுசேர நேரம் கிடைத்தது என்பது என் எண்ணம்.

சரி, அந்தக் கல் விண்வெளியில் மிதந்தபோது மீக்கடத்தியாக இருந்ததா? சிறுகோள் பட்டையில் இருக்க வாய்ப்பில்லை, அங்கே சூரிய ஒளி பட்டு 150, 200 கெல்வின் வரை சூடு இருக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள இருண்ட தூசி மேகங்கள்கூட 10 கெல்வின் பக்கம்தான். அண்டம் முழுக்கப் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை 2.7 கெல்வின். ஆக, 5 கெல்வினுக்கும் 2.7-க்கும் நடுவே ஒரு குறுகிய இடைவெளிதான் இந்தக் கலவைக்கு உண்டு. ஆனால் பூமராங் நெபுலா என்ற வாயு மேகம் மாதிரி இடங்களும் இருக்கின்றன, அங்கே வேகமாக விரியும் வாயு சுமார் 1 கெல்வின் வரைக்கும் குளிர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இத்தகைய துகள்கள் இருந்தால் மின்னோட்டம் ஒரு முறை தொடங்கிவிட்டால் நிற்காது, அதனால் உண்டாகும் காந்தப்புலமும் அப்படியே நிற்கும். விண்வெளியில் காந்தப்புலங்கள் எப்படி வந்தன என்று யோசிப்பவர்களுக்கு இது கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு சங்கதி.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்துகிறது என்று அறிவிப்பு வந்தபோது, உலகமே இரண்டு வாரம் அதைப் பற்றித்தான் பேசியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நம் வீடுகளில் கிரிக்கெட் மாதிரி உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த ஆர்வத்தைக் குறை சொல்ல எனக்கு மனமே வராது, இவ்வளவு பேர் இயற்பியல் பேசுவது எவ்வளவு நல்ல விஷயம். எல்கே-99 விஷயத்தில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள், மீக்கடத்தவில்லை. அதில் கலப்படமாக இருந்த செப்பு சல்பைடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி அமைப்பு மாறும்போது மின்தடை சட்டென்று விழுகிறது, அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. விண்கல் குழு ஒரு முகட்டைப் பார்த்ததோடு நிற்காமல் துகள் வரை போய்ப் பிரித்துப் பார்த்தது இந்த மாதிரி ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான்.

அப்புறம், பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு. ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் நியோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிறது. அதற்குப் பதிலாக விண்கல் கலவையைப் போட்டால் ஒரு லாபமும் இல்லை. பயன் வேறு வழியில் வரும். ரஷ்யாவின் யூரல் பகுதியில் மியாஸ் ஆற்றின் பெயரைத் தாங்கிய மியாசைட் என்ற ரோடியம் சல்பைடு கனிமம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தினர் அதே சேர்மத்தைத் தூய படிகமாகத் தாங்களே வளர்த்து அளந்தபோது, அது 5.4 கெல்வினில் மீக்கடத்துவதோடு, 1957-ஆம் ஆண்டு விளக்கத்துக்குள் அடங்காத வகையைச் சேர்ந்தது என்று 2024-இல் தெரிந்தது. இயற்கை ஒரு சேர்மானத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அதைச் சுத்தமாகச் செய்து அளப்பது நம் வேலை. இதுவரை உலகில் பட்டியலிடப்பட்ட விண்கற்கள் 70,000-க்கும் மேல். சான் டியாகோ குழு அந்த ஆய்வில் சோதித்தவை 15.